கணுவும் அம்பும்

அறிவுநூல்களிற் பொருளை உணர்த்தும் கருவிகள் இரண்டு. ஒன்று சொல், மற்றொன்று வரிப்படம். சொல் ஒன்றன்பின் ஒன்றாய் வந்து பொருளை விரிக்கும். வரிப்படமோ பல பொருள்களையும் அவற்றினிடை நிலவும் தொடர்புகளையும் ஒருங்கே கண்முன் நிறுத்தும். ஒரு தொழில் நடைபெறும் முறையைக் காட்டும் பாய்ச்சற்கோட்டுப்படம், ஒரு பொறி எய்தும் நிலைகளைக் காட்டும் நிலைமாற்றப்படம், தொடைகளையும் சார்புகளையும் காட்டும் கணித அம்புப்படம் ஆகியன தோற்றத்தால் வேறுபடினும் அமைப்பால் ஒன்றேயாம். பெயர்பெற்ற பொருள்கள் சில அவற்றில் உள; அப்பொருள்களை இணைக்கும் அம்புகள் சில உள. பொருளைக் குறிக்கும் உருவம் கணு எனவும், தொடர்பைக் குறிக்கும் கோடு அம்பு எனவும் இக்கட்டுரையில் வழங்கப்படும்.

இவ்விரண்டனுள் அம்பே வரிப்படத்தின் வினைச்சொல் எனத் தகும். கணுக்கள் பெயர்ச்சொற்கள் போல நிற்க, அம்பு அவற்றைக் கூட்டி வாக்கியமாக்குகின்றது. கணிதத்தில் ஒரு தொடையிலிருந்து மற்றொரு தொடைக்குச் செல்லும் சார்பை அம்பினாற் குறிக்கும் வழக்கம் 1940ஆம் ஆண்டையொட்டி இடத்தியல் என்னும் துறையிலே தோன்றியது. சாமுவேல் ஐலன்பேர்க், சோண்டர்ஸ் மக்லேன் என்னும் அறிஞர் இருவர் 1945இல் வெளியிட்ட கட்டுரைக்குப் பின்னர், அம்புப்படம் விளக்கத்திற்குத் துணையாக மட்டுமன்றி நிறுவலின் உறுப்பாகவும் வளர்ந்தது. அத்தகைய படத்தில் அம்பு சென்றடையும் இடம் பிழைபடின் கூற்றே பிழைபடும். அம்பின் முனை கணுவைத் தொடாது வெளியில் நின்றாலும், கணுவினுட் புகுந்து எழுத்தை வெட்டினாலும், இரு கணுக்களில் எதனைச் சுட்டுகின்றதென ஐயுறுமாறு அமைந்தாலும், அஃது அழகுக்குறை மட்டுமன்று, பொருட்குறையுமாம். ஆகவே, கணு எவ்வடிவினதாயினும், எவ்விடத்து நிற்பினும், அம்பு அதன் விளிம்பைத் தவறாது தொடுமாறு செய்வது எங்ஙனம் என்பது ஆராயத்தக்க வினா. அவ்வினாவிற்கு லாடெக் என்னும் அச்சமைப்பு முறையில் உருவான விடையே ஈண்டு விளக்கப்படுகின்றது.

பழைய முறையும் அதன் எல்லையும்

அமெரிக்காவின் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் டொனால்ட் நூத், தமது கணினியியற் பெருநூலின் இரண்டாம் பாகத்து மறுபதிப்பிற்கென 1977இல் வந்த அச்சுப்படிகளைக் கண்டு மனநிறைவு கொள்ளாராய், கணித நூல்களைச் செம்மையாக அச்சமைக்கும் நிரலொன்றைத் தாமே ஆக்கத் தொடங்கினார். அதுவே டெக். கலை, கைவினை என்னும் இரு பொருளும் தரும் கிரேக்கச் சொல்லின் முதலெழுத்துக்களே அதன் பெயராயின. 1980களின் தொடக்கத்தில் லெஸ்லி லம்போர்ட் என்பார் அதன்மேல் அமைத்த கட்டளைத் தொகுதி லாடெக் எனப்பட்டது. இஃது அதிகாரத் தலைப்பு, இது தேற்றம், இஃது அடிக்குறிப்பு என எழுதுவோன் கூறினாற் போதும்; அவற்றின் தோற்றத்தை நிரல் வகுத்துக்கொள்ளும். எழுதுவோன் கூறவேண்டுவது பொருள், தோற்றமன்று என்பதே லாடெக்கின் தலையாய கொள்கை.

ஆயின் வரிப்படத்தைப் பொறுத்தவரை அக்கொள்கை தொடக்கத்திற் கைகூடவில்லை. லாடெக்கில் முதற்கண் இருந்த படச்சூழல், சிறு கோட்டுத்துண்டுகளையும் அம்புமுனைகளையும் எழுத்துக்களாகக் கொண்ட தனி எழுத்துருக்களால் இயங்கியது. எழுத்துருவில் அடங்கிய சாய்வுகள் சிலவே யாதலின், கோடுகள் எல்லாத் திசைகளிலும் செல்ல இயலவில்லை. சாய்வைக் குறிக்கும் இரு முழுவெண்களும் கோட்டிற்கு 6ஐயும், அம்பிற்கு 4ஐயும் கடத்தலாகாது என்பது விதி. அதனினும் பெரிய இடர்ப்பாடு வேறொன்று உண்டு. ஒவ்வொரு பெட்டியின் மூலையையும், ஒவ்வோர் அம்பின் தொடக்கத்தையும் நீளத்தையும் வரைவோனே கணித்து எண்ணால் எழுதுதல் வேண்டும். பெட்டிக்குள் ஒரு சொல் மாறி அதனாற் பெட்டி அகன்றால், அதனைத் தொட்டு நின்ற அம்புகள் அனைத்தையும் மீண்டும் கணித்தல் வேண்டும். அங்கே பெட்டிக்கும் அம்பிற்கும் உறவு யாதும் இல்லை. தாளின்மேல் இரண்டும் அடுத்தடுத்து விழுந்தன என்பதன்றி வேறில்லை.

பெயரால் இணைத்தல்

இக்குறையைப் போக்கப் பலர் பல வழிகளில் முயன்றனர். ஜோன் ஹொபி ஆக்கிய மெற்றாபோஸ்ட், திமத்தி வான் சாண்ட் ஆக்கிய பி.எஸ்.ட்ரிக்ஸ், கிறிஸ்தோபர் ரோஸ் ஆக்கிய எக்ஸ்வை-பிக் என்பன அவற்றுட் குறிப்பிடத்தக்கன. இன்று பெருவழக்காயுள்ளது ஜேர்மனியரான டில் தந்தௌ தோற்றுவித்த டிக்ஸ் என்னும் தொகுதி. தமது கலாநிதிப்பட்ட ஆய்வேட்டிற்குரிய படங்களை வரைதற்கென அவர் எழுதிய சிறு தொகுதியே விரிந்து இந்நிலை எய்தியது. அதன் பயன்பாட்டு நூல் மாத்திரமே 1300 பக்கங்களைக் கடந்துள்ளது. டிக்ஸ் என்னும் பெயரின் எழுத்துக்களை ஜேர்மன் மொழியில் விரித்தால் ‘டிக்ஸ் ஓர் ஓவியக்கருவி அன்று’ என்னும் பொருள் தரும். விளையாட்டாக இட்ட பெயராயினும் அஃது உண்மையொன்றை உட்கொண்டது. சுட்டியால் இழுத்து வரையும் கருவியில் வரைவோன் தன் கண்ணையே அளவுகோலாகக் கொள்கின்றான். டிக்ஸிலோ அவன் உறவுகளைச் சொல்லால் எழுதுகின்றான். அளவுகளை நிரல் கணிக்கின்றது. லாடெக்கின் தலையாய கொள்கை இங்ஙனம் வரிப்படத்திற்கும் எய்தியது.

டிக்ஸிற் கணுவை இடுங் கட்டளை ‘நோட்’. கோட்டை வரையுங் கட்டளை ‘டிரோ’. கணுவொன்றை இடும்போது அதற்குப் பெயர் சூட்டி, அதன் வடிவத்தையும் உள்ளிருக்கும் எழுத்தையும் உடன் கூறுதல் வேண்டும். அதன்பின் அம்பு வரைதற்கு இரு கணுக்களின் பெயர்களை எழுதினாற் போதும். எண் யாதும் வேண்டா. கணு நிற்கும் இடத்தையும் ‘இன்னதற்கு வலப்பால்’, ‘இன்னதற்குக் கீழ்’ என உறவாற் கூறலாம். ஈண்டு ஒரு நுட்பம் கருதத்தக்கது. பழைய எழுத்துமுறையில் அங்ஙனம் குறித்த தூரம் இரு கணுக்களின் மையங்களுக்கு இடைப்பட்டது. ஆதலின் அகன்ற கணுக்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறுதல் உண்டு. ‘பொசிஷனிங்’ என்னும் துணைத்தொகுதியைக் கொண்டு எழுதும் புதிய முறையில், தூரம் ஒன்றன் விளிம்பிலிருந்து மற்றதன் விளிம்பிற்கு அளக்கப்படும். எழுத்து எத்துணை நீளினும் இடைவெளி மாறாது.

கணுவின் இலக்கணம்

கணு என்பது யாது? எழுத்தைச் சூழ்ந்த கோடு எனக் கருதுதல் மேலோட்டமான பார்வையாம். டிக்ஸிற்கு அடித்தளமாயுள்ள பி.ஜி.எவ். என்னும் தொகுதியில், வடிவம் என்பது நான்கு உறுப்புக்களால் இயன்றது. அவை சேமித்த புள்ளிகள், பற்றுப்புள்ளிகள், எல்லைவிதி, வரைபாதை என்பன.

முதலாவது சேமித்த புள்ளிகள். கணுவை இடும்பொழுது உள்ளிருக்கும் எழுத்தின் அகலம், அடிக்கோட்டிற்கு மேலுள்ள உயரம், கீழுள்ள ஆழம் என்னும் மூன்றும் அளக்கப்படும். அவ்வளவுகளிலிருந்து இன்றியமையாத சில மட்டும் கணிக்கப்பட்டுக் கணுவின் பெயரோடு நினைவில் வைக்கப்படும். செவ்வகம் தன் வடகிழக்கு மூலையையும் தென்மேற்கு மூலையையும் சேமிக்கும். ஏனையவற்றை அவ்விரண்டிலிருந்தும் பெறலாமன்றோ? வட்டம் தன் மையத்தையும் ஆரையையும் சேமிக்கும். எழுத்துப்பரப்பு சுற்றுவெளி உட்பட 4 சென்ரிமீற்றர் அகலமும் 3 சென்ரிமீற்றர் உயரமும் உடையதாயின், அதன் மூலைகளை உள்ளடக்கும் வட்டத்தின் ஆரை 2.5 சென்ரிமீற்றர் ஆதல் காண்க.

இரண்டாவது பற்றுப்புள்ளிகள். இவற்றை ‘ஏங்கர்’ என வழங்குவர். அச்சொல்லின் பொருள் நங்கூரம் என்பது. மையம், வடக்கு, வடகிழக்கு முதலாகப் பெயர்பெற்ற இப்புள்ளிகளைக் கோடு பற்றி நிற்றலின், பற்றுப்புள்ளி என்னும் பெயர் பொருந்துவதாம். எழுத்தின் அடிக்கோட்டிற்கும் ஒரு பற்றுப்புள்ளி உண்டு. அடுத்தடுத்து நிற்கும் கணுக்களில் எழுத்துக்கள் மேலும் கீழுமாய்ப் பிறழாது ஒரே வரியில் நிற்றற்கு அஃது உதவும்.

மூன்றாவது எல்லைவிதி. ‘இத்திசையில் ஓர் அம்பு நிற்கின்றது, உன் விளிம்பு எங்கே?’ என வினவினால், வடிவம் ஒரு புள்ளியை விடையாகத் தருதல் வேண்டும். அவ்விடையைக் கணிக்கும் முறையே எல்லைவிதி. நான்காவதாகிய வரைபாதை, கோடிட்டு வண்ணந் தீட்டப்படும் புறவுருவம். கண்ணுக்குத் தோன்றுவது இந்நான்காவது உறுப்பே. ஆயின் அம்பை ஆள்வன முதல் மூன்றுமேயாம். தோன்றும் உருவும் எல்லைவிதியும் வெவ்வேறாக எழுதப்படுவன என்பதும், அவை தம்முள் ஒத்திருத்தல் வடிவத்தை ஆக்குவோன் கடமை என்பதும் நன்கு மனங்கொள்ளத்தக்கன. இவ்விடத்திலேயே பிழைகள் பல பிறக்கின்றன.

அம்பு விளிம்பை அடையுமாறு

இரு கணுக்களின் பெயர்களை மட்டும் கூறி நேரம்பு வரையும்போது, நிரல் முதலில் அவற்றின் மையங்களை இணைக்கும் நேர்கோட்டைக் கருதும். பின்னர் முதற்கணுவிடம் இரண்டாவதன் மையத்திசையையும், இரண்டாவதனிடம் முதற்கணுவின் மையத்திசையையும் கூறி, அவற்றின் எல்லைவிதிகளை வினவும். விடையாகப் பெற்ற இரு புள்ளிகளுக்கு இடையே மட்டும் கோடு வரையப்படும். கணுவின் பெயரோடு புள்ளியிட்டுக் ‘கிழக்கு’ போன்ற பற்றுப்புள்ளியின் பெயரைச் சேர்த்தெழுதின், எல்லைவிதி வினவப்படாது. கோடு அப்பற்றுப்புள்ளியையே சேரும். 30 என்பது போல ஒரு பாகையை எழுதின், அக்கோணத்தில் அமைந்த விளிம்புப்புள்ளியைச் சேரும். மூன்று முறைகளுக்கும் இடம் வேறு. ஒரு கணுவினின்று பல அம்புகள் விரிந்து செல்லும் படத்தில் முதல்முறை சிறக்கும். மேலிருந்து கீழாக ஒழுங்குபட இறங்கும் பாய்ச்சற்கோட்டுப்படத்திற்கு இரண்டாவது முறை ஏற்றது. ஒரே பக்கத்தில் இரண்டு மூன்று அம்புகள் நெருக்கமின்றி வந்து சேர்தற்கு மூன்றாவது முறை துணைசெய்யும்.

வளைந்த அம்பிற்கும் விதி இதுவே. இடப்பால் வளைக என்னும் ஏவலுக்குக் கோணம் கூறாவிடின் 30 பாகை கொள்ளப்படும். அப்பொழுது எல்லைவிதி வினவப்படும் திசை மற்றக் கணுவின் மையத்திசையன்று. அம்பு புறப்படும் கோணத்தின் திசையாம். ஒரு நிலையிலிருந்து மற்றொரு நிலைக்கும், அங்கிருந்து மீண்டும் முன்னைய நிலைக்கும் செல்லும் இரு அம்புகள் ஒன்றன்மேலொன்று படியாது எதிரெதிரே வளைந்து தனித்தனி தோன்றுவது இதனாலேயாம்.

அம்புமுனை விளிம்பைத் தொடும் நுட்பமும் அறியத்தக்கது. கணுவின் புறக்கோட்டிற்கும் தடிப்பு உண்டு. வேறு கூறாவிடின் அத்தடிப்பு 0.4 புள்ளியலகு, ஓர் அங்குலத்தில் 72.27 புள்ளியலகுகள் அடங்கும். கோட்டின் நடுவே முனை நின்றால் அதன் கூர்மை கோட்டினுள் மறையும். ஆதலின் கோட்டுத்தடிப்பின் பாதியாகிய 0.2 புள்ளியலகு வெளியே தள்ளிப் பற்றுப்புள்ளிகள் அமைக்கப்படுகின்றன. தடித்த கோடு இடின் இவ்விடைவெளியும் தானே மிகும். அங்ஙனமே கோட்டின் உடல் அம்புமுனையின் கூரைக் கடந்து நீளாதவாறு முன்னரே குறைக்கப்படும். குறுகி வளைந்த அம்பில் பெரிய முனையை வைத்தால் வளைவு சிதைதல் கூடும். அதனைத் திருத்துதற்கு ‘பெண்டிங்’ என்னும் துணைத்தொகுதி உளது.

மடித்த மூலை: ஓர் எடுத்துக்காட்டு

வட்டம், நீள்வட்டம், சாய்சதுரம், பல்கோணம், உருளை, முகில் எனப் பல வடிவங்கள் டிக்ஸோடு வருகின்றன. அவை போதாதவிடத்துப் புதிய வடிவத்தை அறிவித்தற்குப் பி.ஜி.எவ். அடுக்கில் ஒரு கட்டளை உண்டு. அக்கட்டளையினுள் மேற்கூறிய நான்கு உறுப்புக்களையும் எழுதுதல் வேண்டும். எல்லாவற்றையும் புதிதாக எழுதவேண்டுவதில்லை. முன்னுள்ள வடிவமொன்றிலிருந்து வேண்டிய உறுப்பை மரபுரிமையாகப் பெறலாம். எடுத்துக்காட்டாக, பாய்ச்சற்கோட்டுப்படத்தில் முன்னரே வரையறுத்த செயலைக் குறிக்கும் உருவம், இருபக்கமும் இரட்டைக்கோடு கொண்ட செவ்வகமாகும். அதற்குச் செவ்வகத்தின் முதல் மூன்று உறுப்புக்களையும் அப்படியே பெற்று, வரைபாதையில் இரு நிலைக்கோடுகளைச் சேர்த்தாற் போதும். புறவிளிம்பு மாறாமையின் எல்லைவிதியும் மாறவில்லை.

புறவிளிம்பு மாறும் வடிவமோ வேறு கவனத்தை வேண்டி நிற்கும். ஓர் ஏட்டைக் குறித்தற்கு, மேல் வலமூலை மடித்த தாளின் உருவத்தை ஆக்குவதாகக் கொள்க. கணுவின் அகலம் 4 சென்ரிமீற்றர், உயரம் 2 சென்ரிமீற்றர், மூலையில் இரு பக்கமும் மடிந்த அளவு 0.5 சென்ரிமீற்றர் என்க. மையத்தை ஆதியாகக் கொண்டால், மடிப்புக்கோடு (1.5, 1) என்னும் புள்ளியிலிருந்து (2, 0.5) என்னும் புள்ளிவரை செல்லும். அக்கோட்டிலுள்ள ஒவ்வொரு புள்ளியிலும் இரு ஆள்கூறுகளின் கூட்டுத்தொகை 2.5 ஆகும்.

இவ்வடிவத்திற்குச் செவ்வகத்தின் எல்லைவிதியையே மரபுரிமையாகப் பெற்றால் நிகழ்வது யாது? இடம், வலம், மேல், கீழ் என்னும் நான்கு திசைகளிலும் வரும் அம்புகள் பிழையின்றி விளிம்பைத் தொடும். ஆகவே குறை எளிதிற் புலப்படாது. ஆனால் மூலையை நோக்கி வரும் அம்பு, செவ்வகத்தின் மூலை இருந்திருக்கக்கூடிய (2, 1) என்னும் புள்ளியிலே நின்றுவிடும். அங்கே தாள் இல்லை, மடிக்கப்பட்டுவிட்டது. உண்மையான விளிம்பு அத்திசையில் (1.67, 0.83) என்னும் புள்ளியளவில் உளது. இரண்டிற்கும் இடையே ஏறத்தாழ 3.7 மில்லிமீற்றர் வெளி. அம்பு ஒன்றுமில்லாத இடத்தைச் சுட்டி நிற்கும்.

திருத்தம் எளிது. வினவப்பட்ட திசையின் கிடைக்கூறும் நிலைக்கூறும் நேரெண்களாயின், மூன்று ஈவுகளைக் கணித்தல் வேண்டும். கணுவின் அரையகலத்தைக் கிடைக்கூற்றால் வகுத்தல் ஒன்று. அரையுயரத்தை நிலைக்கூற்றால் வகுத்தல் மற்றொன்று. அரையகலத்தையும் அரையுயரத்தையும் கூட்டி, மடிப்பளவைக் கழித்து, வந்ததை இரு கூறுகளின் கூட்டுத்தொகையால் வகுத்தல் மூன்றாவது. இவை முறையே வலப்பக்கம், மேற்பக்கம், மடிப்புக்கோடு ஆகியவற்றை மையத்திலிருந்து எட்டும் தூரத்தைக் குறிப்பன. மூன்றினுட் சிறியதே முதலில் எதிர்ப்படும் விளிம்பாதலின், அதனால் திசையின் கூறுகளைப் பெருக்கினால் எல்லைப்புள்ளி கிடைக்கும். (2, 1) என்னும் திசைக்கு ஈவுகள் 1, 1, 0.83 எனவர, மூன்றாவதே கொள்ளப்படும். 45 பாகைத் திசையாகிய (1, 1) என்பதற்கு 2, 1, 1.25 எனவர, இரண்டாவது கொள்ளப்பட்டு அம்பு மேற்பக்கத்தைத் தொடும். ஏனைய மூன்று காற்பகுதிகளுக்கும் செவ்வகத்தின் விதியே போதும்.

இதனை எழுதும்போது ஒன்றனை மறத்தலாகாது. வடிவத்தின் உட்கணக்கில் ஆதிப்புள்ளி கணுவின் மையத்தில் இல்லை. செவ்வகத்தைப் பின்பற்றும் வடிவங்களில் அஃது எழுத்தின் அடிக்கோட்டினது இடமுனையில் உளது. எனவே மையத்திலிருந்து கணித்த விடையோடு மையத்தின் ஆள்கூற்றைக் கூட்டியே தருதல் வேண்டும். வடிவத்தை ஆக்கியபின், அதனைச் சுற்றிலும் சிறு சிறு கோண இடைவெளியில் பல அம்புகளை வரைந்து பார்த்தல் நல்ல சோதனையாகும். அம்புமுனைகளெல்லாம் உருவத்தின் புறக்கோட்டைத் தொடர்ந்து சென்றால் எல்லைவிதி செம்மையுடையது எனத் துணியலாம்.

2013இல் வெளிவந்த மூன்றாம் பதிப்பில் ‘பிக்’ எனப்படும் படத்துணுக்கு என்னும் வசதி சேர்க்கப்பட்டது. ஒருமுறை வரைந்ததைப் பலமுறை இடுதற்கு அஃது எளிய வழி. எனினும் படத்துணுக்குத் தானே ஒரு கணுவன்று. அதற்கு எல்லைவிதி இல்லை. அதனுள்ளே கணுவோ பெயரிட்ட புள்ளியோ வைத்தாலன்றி அம்பு பற்றுதற்கு இடமில்லை. அணியாக நிற்பதற்குத் துணுக்கும், தொடர்பிற் பங்குகொள்வதற்கு வடிவமும் என வேறுபாடு கொள்க.

முனையின் பொருளும் எழுத்தின் அளவும்

அம்பு சேருமிடம் செம்மையுற்றபின், அதன் முனையும் வாலும் கருதத்தக்கன. கணிதப் படங்களில் கொக்கிபோல் வளைந்த வால் உட்கிடைச் சார்பையும், இரட்டைமுனை மேற்கோப்பையும் குறிக்கும்; இரட்டைக்கோட்டு அம்பு உட்கிடையான முடிபைக் குறித்தல் தருக்கவழக்கு. ‘அரோஸ்.மெற்றா’ என்னும் துணைத்தொகுதி முனையின் நீளம், அகலம், நிறம் ஆகியவற்றை வேண்டியவாறு மாற்ற இடந்தருகின்றது. அவ்வுரிமையை அளவறிந்து கையாளுதல் வேண்டும். ஒரே படத்தில் ஐவகை முனைகளைக் காண்போன், ஐவகைத் தொடர்புகள் உளவெனக் கொள்வான். தொடர்பு ஒன்றாயின் முனையும் ஒன்றாதலே நெறி. ஒவ்வொரு வகைத் தொடர்பிற்கும் ஒரு பாணிப்பெயர் இட்டு, படம் முழுவதும் அப்பெயரையே எழுதினால் இந்நெறி தானே காக்கப்படும்.

இம்முறையின் பயன் தமிழில் எழுதுவோர்க்குச் சிறப்பாக உரியது. 2004இல் யொனதன் கியூ வெளியிட்ட சீடெக் முதலாகிய நிரல்கள் யுனிகோட் எழுத்துருக்களை நேரே கையாள்வன. ஆதலின் மெய்யின் இருபுறமும் குறிகள் சேரும் ‘கொ’ போன்ற எழுத்துக்களும் கணுவினுள் முறையாக அமையும். ஆங்கிலப் படத்திற் சிறு சொல்லால் நிரம்பிய கணு, தமிழாக்கத்தில் நீண்ட சொற்றொடரை ஏற்கவேண்டி வருதல் இயல்பு. அளவுகளை எண்ணால் எழுதிய படமாயின் அம்மாற்றம் படத்தையே குலைத்துவிடும். பெயராலும் உறவாலும் எழுதிய படத்திலோ எழுத்தை மட்டும் மாற்றினாற் போதும். கணு தன்னை அளந்துகொள்ளும், எல்லைவிதி புதிய விளிம்பைக் கூறும், அம்பு அங்கே சென்று சேரும்.

இதுகாறும் கூறியவற்றாற் பெறப்படுவது யாதெனின், வடிவம் என்பது கண்ணுக்குத் தோன்றும் கோடு மட்டுமன்று. தன்னை நாடி வரும் அம்பிற்கு விடைகூறும் விதியுமாம் என்பது. தோற்றத்தை மட்டும் அமைத்து விதியை அமையாது விட்ட வடிவம் தனித்து நிற்கும்போது குறையின்றித் தோன்றும்; பிறவற்றோடு தொடர்புறும்போதே அதன் குறை வெளிப்படும். ஆகவே புதிய வடிவத்தை ஆக்கப் புகுவோர், அது காண்போர்க்கு எங்ஙனம் தோன்றும் என்பதனோடு, எத்திசையிலிருந்து வினவினும் தன் எல்லையை உண்மையாகக் கூறுமா என்பதனையும் ஆராய்ந்து அமைத்தல் கடனாகும்.